சாமி தராசும் சர்க்கார் தராசும்

போன வாரம் காளீஸ்வரி போன் பண்ணினாள். தளவாய்புரம் அங்கன்வாடியில் நான் ரிட்டயர் ஆன பிறகு என் இடத்துக்கு வந்த டீச்சர் அவள். எடுத்த எடுப்பிலேயே, “டீச்சர், ஒரு பொம்பளையோட மூஞ்சிய போன் ஏத்துக்கிட மாட்டேங்கு” என்றாள்.

இப்போதெல்லாம் சத்துமாவு கொடுக்க வேண்டுமென்றால் தாயின் முகத்தைப் போனில் பிடிக்க வேண்டுமாம். அது ஆதார் படத்தோடு ஒத்துப்போனால்தான் மாவு. ஆதார் படத்தில் இருக்கிற மாதிரியே முகம் இருக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

“மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொன்னேன். பொட்டை எடுக்கச் சொன்னேன். வெயில்ல நிக்க வச்சேன்.”

“பொறவு?”

“இப்போ என் மூஞ்சியும் பிடிக்க மாட்டேங்கு.”

அந்தப் பெண்ணை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். “உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் கெடையாதுல்ல டீச்சர்?” என்று கேட்டாள். கிடையாதுதான். எங்களுக்கு வேறு தொல்லை. தராசில் ஏற மாட்டேன் என்று ஒரு பிள்ளை இருந்தான். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை, அவனுக்கு வாயே திறக்காது. அவன் சார்பில் சாமி சொன்னது. அந்தக் கதையை அவளுக்குப் போனில் சொன்னேன். சொல்லி முடித்ததும், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையை ஆட்டிப் பாடுகிற பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். முருங்கைக்கீரையின் அருமை சொன்னார்கள். எடை போடப் பழகுவதற்குப் பிள்ளைக்குப் பதிலாக ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றித் தந்தார்கள். செங்கல் அழாது, காலை உதைக்காது, மேலே மூத்திரம் போகாது. பயிற்சியில் எல்லாரும் பாஸ்.

ஊருக்கு வந்த பிறகுதான் வேலை தெரிந்தது. ஒரு வீட்டில் மாசமாக இருந்த மருமகளுக்குக் கொடுத்த சத்துமாவை எருமைக்குக் கரைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டால், “எருமை பால் குடுக்கும், அந்தப் பாலை இவ குடிக்கப் போறா, எல்லாம் ஒண்ணுதான டீச்சர்” என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் பால் போனதா என்று நான் விசாரித்த வரையில் தெரியவில்லை. எருமை நல்ல வளர்ச்சி.

என் மேற்பார்வையாளர் ஜெபமணி மேடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. அங்கிருந்து இராஜபாளையம் வந்து, பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவார். வந்ததும் உள்ளே வர மாட்டார். வாசலில் நின்று பிள்ளைகள் பாடுகிறதைக் கேட்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கைகழுவுகிற இடத்துக்குப் போய்ச் சோப்பைத் தொட்டுப் பார்ப்பார். சோப்பு காய்ந்திருந்தால் பிள்ளைகள் கை கழுவவில்லை என்று அர்த்தம். “சோப்பு காஞ்சிருக்கு” என்பார். திட்ட மாட்டார். அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்கு நாலு அடி வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

அடுத்து, கைப்பையிலிருந்து சொந்தக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து, அவர்களுக்கு வைத்த சோற்றில் ஒரு வாய் சாப்பிடுவார். மெதுவாக மென்று முடித்து எங்கள் சமையல் உதவியாளர் பொன்னுத்தாயைப் பார்ப்பார். பொன்னுத்தாய் அதற்குள் உப்புச் சாடியோடு நின்றுகொண்டிருப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற ஆள், இத்தனை வருசத்தில் ஒரு துண்டு பால்கோவா வாங்கிக்கொண்டு வந்ததில்லை. அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

எடை போடுகிற விசயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். அப்போது எங்களிடம் இருந்தது தொங்கு தராசு. உத்திரத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். அடியில் ஜட்டி மாதிரி ஒரு துணி தொங்கும், அதில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். முதலில் வெறும் துணியைத் தொங்கவிட்டு முள்ளை சைபருக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று தாய் பாதத்தைத் தாங்கிப் பிடிப்பாள், அந்தக் கையை எடுக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, முள்ளுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு எடை, கீழிருந்து பார்த்தால் ஒரு எடை காட்டும். “தராசு ஒசரத்துக்கு நீ குனி, அது ஒனக்காகக் குனியாது” என்பார்.

சில மையங்களில் பிள்ளை வராத மாசம் உத்தேசமாக ஒரு எடையைப் போட்டுவிடுவது உண்டு. ஜெபமணி மேடத்திடம் உத்தேசம் என்ற சொல்லை எடுக்க முடியாது. “எடை போட்டியா, போடலையா? போடலைன்னா காலியா விடு” என்பார். காலியாக விட்டால் அவரே வந்து நிற்பார். அதற்கு எடை போடுவதே சுலபம்.

இனிதான் பிச்சைமணி. ராசாத்தி என்று ஒரு பெண், வீட்டில் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். அவள் புருசன் தங்கப்பாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், அப்போது ஒரு மில்லில் செக்யூரிட்டி. இரண்டு பிள்ளைகள் பிறந்து, கைப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்தவனுக்குப் பிச்சைமணி என்று பேர் வைத்து, மூக்கு குத்தி, இடுப்பில் தடிமனாக வெள்ளிக்கொடி, காலில் தண்டை எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். இவனையாவது விட்டு வை என்று சாமியிடம் கெஞ்சுகிற முறை அது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

அவனுக்கு இரண்டு வயசு முடிந்திருந்தது. ராசாத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு மாவு வாங்க வந்தாள். பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“டீச்சர், இவனை இடுப்புல வச்சா இருக்கானா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு. நடந்து வரும்போதே குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிடுதேன்.”

மாவுப் படியைக் கீழே வைத்தேன். “ஏத்து தராசுல” என்றேன். அவள் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

அப்போதுதான் வேண்டுதல் தெரிந்தது. பிள்ளைக்கு மூன்று வயசு முடிந்ததும் மலையடிவாரத்தில் இருக்கிற குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை போட்டு, எடைக்கு எடை மண்டைவெல்லம் கொடுப்பதாக ஹவில்தார் நேர்ந்திருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாமி தராசில் ஏறுகிற வரைக்கும் பிள்ளையை வேறு தராசில் ஏற்றுவதில்லை என்றும் சொல்லியிருந்தார். சாமிக்கு முந்தி மனுசன் எடை பார்க்கக் கூடாதாம்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். வாசலில் பூட்ஸ் இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. ஹவில்தார் மரியாதையான மனுசர், நாற்காலி எடுத்துப் போட்டார்.

“அண்ணாச்சி, பிள்ளை ரொம்ப எளைப்பா இருக்கான்.”

“எங்க வம்சமே நரம்பு உடம்பு டீச்சரம்மா. எங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தாவ.”

“ஒரு தடவை எடை பார்த்துட்டா தெரிஞ்சுரும்.”

“இது ஆர்டர். அதை மாத்த எனக்கு பவர் கெடையாது.”

“யாரு ஆர்டர் அண்ணாச்சி?”

“சாமி ஆர்டர்.”

பிறந்ததும் ஆஸ்பத்திரியில் எடை போட்டிருப்பார்களே என்றேன். அது வேண்டுதலுக்கு முந்தி என்றார். சரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராசாத்தி ஆள் நிற்கிற எடை மிஷினில் ஏறட்டும், அப்புறம் அவளை மட்டும் ஏற்றிக் கழித்துக்கொள்ளலாம் என்றேன். அவர் நன்றாக யோசித்தார்.

“அது தராசா, இல்லையா?”

“தராசுதான்.”

“பொறவு என்ன டீச்சரம்மா?”

நான் எழுந்தேன். ராசாத்தி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வரும்போது தெரு வரைக்கும் வந்து, சாயங்காலமானால் பிள்ளைக்கு மேல் சுடுகிறது, இரண்டு வாய்க்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது என்று சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“போனா மொதல்ல தராசுலதான ஏத்துவாக. அதனால அவிய விட மாட்டேங்காவ. டானிக் வாங்கிக் குடுக்காவ.”

அன்றைக்கு நான் ஹவில்தாரை வைத வசவை எழுத முடியாது. ஆனால் இரண்டு பிள்ளையைப் புதைத்த மனுசனிடம் சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறு என்று எந்த வாயால் சொல்வது? மீறிய அன்றைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், காலத்துக்கும் நான்தான் கொன்றதாக இருக்கும். மீறாவிட்டால் பிள்ளை என் கண் முன்னாலேயே கரைந்து போவான். மூன்று வயசு ஆவதற்கு இன்னும் எத்தனையோ மாசம் கிடந்தது. எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்த மாசம் பிச்சைமணிக்கு எடை எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டேன். இராஜபாளையத்தில் மீட்டிங். பக்கத்தில் இருந்த டீச்சர், “உத்தேசமா ஒண்ணைப் போட்டு விடுங்க, யாரு கேக்கப் போறா” என்று காதில் சொன்னாள். கேட்கப் போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்து, அந்தக் காலியிடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபமணி மேடம் இரண்டே கேள்வி கேட்டார்.

“பிள்ளை வெளையாடுதா?”

“உக்கார வச்ச எடத்துலயே இருக்கான் மேடம்.”

“வேண்டுதலை யாரு நேர்ந்தது? அவரா, அவங்க அம்மாவா?”

“அவர்தான்.”

மறுநாளே வந்துவிட்டார். வழக்கம்போலச் சோப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வா போவோம்” என்றார். ஹவில்தார் வீட்டில் கலர் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தார்கள். மேடம் அதை முழுசாகக் குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பாயில் உட்கார்ந்து தன் தண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை ஆட்டக்கூட இல்லை.

“நான் வேதக்காரி. எங்க சர்ச்சுலயும் நேர்த்தி உண்டு” என்று ஆரம்பித்தார். “சாமிக்குச் சொன்னதை மாத்தச் சொல்லி நான் வரலை. மாத்தக் கூடாது.”

ஹவில்தாருக்கு முதுகு கொஞ்சம் இளகியது.

“டூட்டிக்குச் சொன்ன நேரத்துக்கு முந்தியே போய் நின்னா மேலதிகாரி கோவிப்பாரா?”

“என் சர்வீஸ்ல அப்படி நடந்ததில்லை மேடம்.”

“சாமி கோவிக்குமா?”

ஹவில்தார் செத்த நேரம் கூரையைப் பார்த்தார். “கோவிக்காது” என்றார். பிறகு, “மச்சினனுக்கு லீவு கெடைக்கணுமே, தாய்மாமன் மடி வேணும்லா” என்றார். ராசாத்தியின் தம்பியும் பட்டாளத்தில்தான்.

“அது எப்படி வாங்குறதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு மேடம் எழுந்துவிட்டார்.

ஹவில்தாருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாசம் பிறப்பதற்குள் தாய்மாமன் ஊருக்கு வந்துவிட்டான். வேண்டுதலுக்கு நீங்களும் வர வேண்டும் என்று மேடத்தைக் கூப்பிட்டேன். “நான் வந்தா அது ஆய்வாயிரும். அவங்க விசேசமாவே இருக்கட்டும். நீ போ. போய் வாயைத் திறக்காம நில்லு” என்றார். இரண்டாவது உத்தரவுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தேவதானம் ஊரைத் தாண்டி வேனில் போனோம். ஹவில்தார் ஒரு மூட்டை மண்டைவெல்லம் வாங்கியிருந்தார். “சாமி முன்னால பத்தாமப் போச்சுன்னா அசிங்கம்லா டீச்சரம்மா. ஆம்பளைப் பிள்ளை, வெள்ளி வேற போட்டிருக்கான்” என்று என்னிடம் விளக்கம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

மொட்டை போட்டார்கள். சந்தனம் பூசினார்கள். தலைமுடி போனதும் முகம் இன்னும் சின்னதாகி, காது மட்டும் பெரிசாகத் தெரிந்தது. கோயில் தராசில் ஒரு தட்டில் பட்டுத்துணி விரித்து மாமன் பிள்ளையை உட்கார வைத்தான். பூசாரி மறு தட்டில் ஒவ்வொரு வெல்லமாக எடுத்து வைத்தார். பொம்பளைகள் குலவை போட்டார்கள். குலவை முடிவதற்குள் வெல்லத் தட்டு இறங்கிவிட்டது.

“இன்னும் போடுங்க பூசாரி” என்றார் ஹவில்தார்.

“தட்டு எறங்கிருச்சுய்யா.”

ஹவில்தார் தானே மூட்டைக்குள் கையை விட்டு இரண்டு உருண்டை எடுத்து வைத்தார். பிள்ளை இருந்த தட்டு விர்ரென்று மேலே போனது. பிச்சைமணி சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“தராசு கோளாறு” என்றார் ஹவில்தார். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பிள்ளையை அந்தத் தட்டிலும் வெல்லத்தை இந்தத் தட்டிலும் மாற்றி வைக்கச் சொன்னார். பூசாரி மாற்றினார். அதே வெல்லம், ஒரு உருண்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுபடியும் வெல்லத் தட்டுதான் இறங்கியது. ஹவில்தார் திரும்பி மூட்டையைப் பார்த்தார். அது வாங்கி வந்த மாதிரியே புடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தது.

அப்போது ராசாத்தி பேசினாள். அவள் குரல் இவ்வளவு பெரிசு என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

“தராசு சரியாத்தான் இருக்கு. இவன்தான் இல்ல. தெனமும் தூக்குறேன், எனக்குத் தெரியாதா? சொல்லச் சொல்ல வம்சம் வம்சம்னீங்க. ரெண்டு பிள்ளைய வம்சம் பேசித்தான் குடுத்தோம். இவனையும் குடுக்க என்னால ஏலாது.”

  ஹவில்தார் தராசுக்கு முன்னால் பட்டாளத்தில் நின்ற மாதிரி விறைப்பாக நின்றார். மீசை மட்டும் ஆடியது. பிறகு பிள்ளையைத் தட்டிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு, “வேனை எடுக்கச் சொல்லு” என்றார். பொங்கல் இறக்கி வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. சாமிக்கென்று கொண்டுவந்தது வீட்டுக்குத் திரும்பக் கூடாது, அதனால் மூட்டை அங்கேயே இருந்தது.

நேரே இராஜபாளையம் ஆஸ்பத்திரி. நர்சம்மா வெள்ளியைக் கழற்றச் சொன்னபோது ஹவில்தாரே கழற்றினார். கொடியும் தண்டையும் போன பிறகு எடை இன்னும் இறங்கியது. டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்து, இன்னும் என்னென்னவோ பார்த்துவிட்டு பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற காசம். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது” என்றார். ஹவில்தார், “எஸ் சார்” என்றார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாத்திரை கொடுக்கிற டூட்டி அவருடையது. காலையில் பிள்ளையை நிறுத்தி வைத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாராம். மையத்தில் அவனுக்கு முட்டையும் மாவும் கூடுதலாகக் கொடுத்தோம். மாசா மாசம் ஹவில்தாரே அவனைத் தூக்கிக்கொண்டு வருவார். “சாமி பார்த்தாச்சு, இனி யாரு வேணாலும் பார்க்கலாம்” என்பார். நான் முள்ளுக்கு நேராகக் குனிந்தால் எனக்குப் பக்கத்தில் அவரும் குனிவார். முள் முதலில் அசையவே இல்லை. பிறகு மெதுவாக, வேண்டா வெறுப்பாக, மேலே நகர ஆரம்பித்தது.

ஒரு நாள் ராசாத்தி மாவு வாங்க வந்தாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். உடனே மறுபடி இந்தப் பக்கம் மாற்றினாள்.

“ஏலே, எறங்கி நடலே. இடுப்பு கழண்டு போவுது டீச்சர். ராத்திரியெல்லாம் தைலம் தேச்சாலும் கடுப்பு நிக்க மாட்டேங்கு.”

நான் மாவை அளந்துகொண்டே அழுதேன். பொன்னுத்தாய் எட்டிப் பார்த்து, “டீச்சர், மாவுல விழுந்துறப் போவுது, தள்ளி நின்னு அழுங்க” என்றாள்.

இதை மீட்டிங்கில் ஜெபமணி மேடத்திடம் சொன்னேன். அவர் பிச்சைமணி கட்டத்தில் விரலை வைத்தார். அன்றைக்காவது பால்கோவா வரும் என்று எதிர்பார்த்தேன். “சோப்பு ஸ்டாக் இருக்கா?” என்று கேட்டார். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போனார். பிச்சைமணி இப்போது போலீஸ் வேலைக்காகக் காலையில் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஹவில்தார் சைக்கிளில் பின்னாலேயே போகிறார்.

காளீஸ்வரியிடம் போனில் சொன்னது இவ்வளவுதான். “இடுப்பு வலியை எந்தக் கட்டத்துல எழுதுறது டீச்சர்?” என்று அவள் கேட்டாள். அதற்குக் கட்டம் கிடையாது, ஆனால் கைப்பிள்ளையோடு யார் வந்தாலும் கேட்டு வை என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

மறுநாள் அவளிடமிருந்து மறுபடி போன். முகம் பிடிபடாத அந்தப் பெண் வந்திருக்கிறாளாம், இன்றைக்கும் பிடிபடவில்லையாம். ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரமாக நிற்கிறாளாம்.

“நீங்க சொன்னீங்கன்னு கேட்டேன் டீச்சர். இடுப்பு வலிக்கவே இல்லையாம். நாள் பூரா வச்சிருந்தாலும் ஒண்ணும் தெரியாதாம். பெருமையாச் சொல்லுதா.”

நான் எழுந்துவிட்டேன். “பிள்ளைய எடை போட்டியா?”

“போன மாசம் அவ வரலை. இப்போ எடை மிஷின்ல பேட்டரி இல்ல டீச்சர், கேட்டு எழுதியிருக்கேன்.”

“மூஞ்சிய விடு. பீரோ மேல பழைய தொங்கு தராசு கெடக்கும், எறக்கு. முள்ளை சைபருக்குக் கொண்டு வா. அவளைப் போக விட்டுறாத, செத்த நேரம் உக்கார வையி. நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.